மைதா பசையில் ஒட்டிய எண்கள்: அல்சூரில் ஒரு பழைய வால்வுச் சேகரிப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு அல்சூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் 74 வயதில் காலமானார். 40 வருஷத்துக்கும் மேல் ஒரே கடை, ஒரே மேசை. நான் அவரிடம் வேலை பழகியவன். கடைசிவரை அண்ணன் என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணனின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அவர் 1958-இல் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தது. வால்வு என்பது, டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவுக்குள் வேலை செய்த, காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். அதற்கு வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி முத்திரை வாங்கிய லைசென்ஸ் புத்தகத்தைக்கூட அண்ணன் பத்திரமாக வைத்திருந்தார். பெங்களூருக்கு வந்து கடை போட்டபிறகு, ரிப்பேருக்கு வந்த பெட்டிகளில் கழட்டிய வால்வுகளில் வித்தியாசமானதை எடுத்து வைக்கத் தொடங்கினார். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எடைக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்துக் கிடந்தது, கல்லூரி ஆய்வகம் ஒன்று கழித்துக் கட்டியது என்று சேர்ந்துகொண்டே போனது. பணம் போட்டு வாங்கியது குறைவு. தேடி எடுத்ததுதான் அதிகம்.

அவர் போய் இரண்டு மாதத்தில், மாடி அறையை வாடகைக்கு விட மூத்த மகன் முடிவு செய்தார். அறையில் பிஸ்கட் டின் 4, மரப்பெட்டி 2, ஒரு டிரங்குப் பெட்டி. காயலான் கடைக்காரர் வந்து பார்த்து, மொத்தத்துக்கும் 1,200 ரூபாய் தருவதாகச் சொன்னார். மகனுக்குச் சம்மதம்தான். அண்ணிதான் நிறுத்தி எனக்கு போன் செய்தார்.

“தம்பி, இதுக்குன்னு ஒரு அறையையே ஒதுக்கி வச்சிருந்தாரு. உள்ள என்ன இருக்குன்னே தெரியாம எடைக்குப் போட எனக்கு மனசு வரலை. நீ வந்து ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லு. அப்புறம் போட்டாலும் பரவாயில்லை.”

முதல் நாள் பார்த்தது

ஒவ்வொரு வால்வும் தினத்தந்தித் தாளில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிரித்தால் கண்ணாடியின் மேலோ, அடியில் உள்ள பேக்லைட் (பழைய கெட்டிப் பிளாஸ்டிக்) பேஸின் மேலோ கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் நீல மையில் ஒரு எண். மைதா பசையால் ஒட்டியது. சில சீட்டுகளின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஆனால் எண் படிக்க முடிந்தது.

டிரங்குப் பெட்டியின் அடியில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. எண், வால்வின் பெயர், எந்த கம்பெனி, எங்கே கிடைத்தது, எவ்வளவு கொடுத்தார், அதற்கு எதிரே ஒரு வரி குறிப்பு. எல்லாம் தமிழில், அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில். கடைசி எண் 412. அதில் 19 வரிகள் அடிக்கப்பட்டு, ‘கொடுத்தாச்சு’ என்று எழுதியிருந்தது. ஆக 393 வால்வுகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தோம்: 386. ஏழு குறைந்தது.

உள்ளே இருந்தவற்றில் பெரும்பங்கு 1950கள், 60களின் ரேடியோக்களில் சாதாரணமாக வந்த வால்வுகள்தான். பார்த்தவுடன் நான் கையை நிறுத்திய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு 955. 1930களில் மிக உயர்ந்த அலைவரிசைக்காக அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி கொண்டுவந்தது, அதன் பின்கள் அடியில் இல்லாமல் வயிற்றைச் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கல்லூரி மைக்ரோவேவ் ஆய்வகத்தில் 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்த 2கே25 கிளைஸ்ட்ரான், அதாவது மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் வால்வு, ஒன்று. பழைய எச்.எம்.வி. ரேடியோகிராமிலிருந்து வந்த ஆஸ்ரம் பிஎக்ஸ் 4 ஒரு ஜோடி. அப்புறம் சிவப்பு வண்ணம் பூசிய அலுமினியக் கூடுக்குள் இரண்டு இஎஃப் 50.

இந்த இஎஃப் 50-க்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வடிவமைத்தது ஹாலந்தின் பிலிப்ஸ். 1940 மே மாதம் ஜெர்மன் படை உள்ளே நுழைவதற்குச் சற்று முன், இந்த வால்வுகளையும் அவற்றைச் செய்யத் தேவையான கண்ணாடி அடித்தட்டுகளையும் லாரியில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கடத்திக் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ் ரேடார் ரிசீவர்கள் இதை நம்பித்தான் இருந்தன. சிவப்புக் கூடு அமெரிக்காவின் சில்வேனியா செய்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ‘டிஸ்போசல்’ சரக்காக இந்தியாவிலும் இறங்கியது. நோட்டில் அண்ணன் எழுதியிருந்தது: “112, 113. இஎஃப் 50, சிவப்பு. டிஸ்போசல். 2 ரூபாய்க்கு இரண்டும்.”

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 61 வால்வுகள் நம் ஊரிலேயே, ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தவை. அங்கே ரிசீவிங் வால்வு (ரேடியோப் பெட்டியில் போடும் வகை) தயாரிப்பு 1961-இல் தொடங்கியது. அவற்றில் 20-க்கும் மேல் அட்டைப் பெட்டி பிரிக்காமலேயே இருந்தன. பெங்களூரில் வால்வு தேடி அலைகிறவர்கள் முல்லார்டு, டெலிஃபங்கன் என்று கேட்கிறார்கள். ஜாலஹள்ளி வால்வை ஓரம் தள்ளுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. வெளிநாட்டு வால்வுகளின் விவரத்தை அங்குள்ளவர்கள் அக்கறையாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் செய்ததை நாம் பதியாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

அன்று எடுத்த முடிவு இரண்டு. மூன்று மாதத்துக்கு எதையும் விற்பதில்லை. நோட்டை நான் கொண்டுபோய் முழுவதும் நகல் எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. காரணம் எளிது: எது என்னவென்று தெரியாமல் எந்த விலையும் விலை ஆகாது.

இடையில் நடந்தது

அடுத்த ஞாயிறு போனபோது, மொட்டை மாடியில் ஒரு துண்டை விரித்து வால்வுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேரன், எனக்கு வேலை சுலபமாகட்டும் என்று, ஒரு டின்னில் இருந்த 34 வால்வுகளைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு வாளியில் கழுவியிருந்தான். தூசி, கரி எல்லாம் போய்ப் பளபளவென்று இருந்தன. மைதா பசை தண்ணீரில் கரைந்துபோனது. சீட்டுகள் வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டன. சுற்றியிருந்த தாள்கள் குப்பைக்கு. ஒரு இஎஃப் 50-இன் சிவப்பு வண்ணத்தைத் துரு என்று நினைத்து ஸ்கிரப்பரால் தேய்த்திருக்கிறான். ஒரு பக்கம் வெள்ளிக் கீறலாக அலுமினியம் தெரிந்தது.

மோசமானது எண் போனது மட்டும் இல்லை. பிலிப்ஸ், முல்லார்டு வகை வால்வுகளில் பெயர் கண்ணாடியின் மேல் லேசான பெயின்டில்தான் அச்சாகியிருக்கும். விரலால் அழுத்தித் துடைத்தாலே போய்விடும். 34-இல் 9 வால்வுகளில் மட்டும் பெயர் மிச்சமிருந்தது. மற்ற 25-உம் பெயரில்லாத கண்ணாடி.

பையன் பயந்துபோய் நின்றான். தவறு அவனுடையது இல்லை என்று அப்போதே சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். முதல் நாள் மூன்று மணிநேரம் அந்த வீட்டில் இருந்தேன். “யாரும் தொடாதீங்க, துடைக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 30 வருஷமாக வால்வு கையாளுகிறவனுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று என்னை அறியாமலே நினைத்துவிட்டேன். அதைவிட, முதல் நாளே பெட்டிவாரியாகப் படம் எடுத்திருந்தால் பாதி சேதத்தை ஈடுகட்டியிருக்கலாம்.

குப்பைக் கூடையில் இருந்த தினத்தந்தித் தாள்களைத் திரும்ப எடுத்தோம். எந்தத் தாளில் எந்த வால்வு இருந்தது என்று இனி தெரியாது. ஆனால் தாள்களின் தேதி எல்லாம் 1984-க்கும் 1986-க்கும் இடையில் விழுந்தது. அந்த டின் அப்போதுதான் கட்டப்பட்டது, அதற்குப் பின் வந்த வால்வு எதுவும் அதில் இருக்காது என்ற அளவுக்கு அது உதவியது. நோட்டில் அந்தக் காலத்துக்குப் பிந்திய எண்களைத் தேடலிலிருந்து கழித்துவிட முடிந்தது.

பெயர் அழிந்தவற்றை அடையாளம் கண்டது

சேதமாகாத 352 வால்வுகளை முதலில் முடித்தோம். எண்ணைப் படித்து, நோட்டோடு ஒப்பிட்டு, இரண்டு கோணத்தில் படம். அதன்பின் சீட்டே இல்லாத எண்கள் 41 மிஞ்சின: கழுவிய 34, முதலிலிருந்தே காணாத 7. இந்த 41 வரிகளுக்கும் கையில் இருந்த 34 வால்வுகளுக்கும் ஜோடி சேர்ப்பதுதான் வேலை.

முதலில் பேட்டரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியின் அடிப்பக்க ஓரத்தைப் பார்த்தோம். பிலிப்ஸ் குடும்பத்துத் தொழிற்சாலைகள் அங்கே இரண்டு வரியில் ஒரு சிறிய குறியீடு வைக்கும். முதல் வரி வால்வின் வகை. இரண்டாவதில் தொழிற்சாலை, வருஷத்தின் கடைசி இலக்கம், மாதம், வாரம். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் என்றால் ஆங்கில ‘பி’ எழுத்து, ஹாலந்தின் ஹெர்லன் என்றால் முக்கோணம். இது பெயின்ட் கிடையாது, கண்ணாடியில் அரித்த எழுத்து. சோப்பு அதை ஒன்றும் செய்யாது. டெலிஃபங்கன் என்றால் அடியில் பின்களுக்கு நடுவே வைர வடிவம் ஒன்று அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். இப்படி 11 வால்வுகளின் வகை தெரிந்துவிட்டது.

அடுத்தது குளிர்பதனப் பெட்டி. வால்வைச் சுத்தமான துணியில் சுற்றி அரை மணிநேரம் உள்ளே வைத்து, வெளியே எடுத்ததும் மூச்சை ஊத வேண்டும். பெயின்ட் இருந்த இடத்தில் பனி வேறுமாதிரி படியும். மூன்று நான்கு நொடிதான் தெரியும், உடனே மறைந்துவிடும். முதல் வால்வில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் சாம்பல் நிறத்தில் ‘83’ என்று தெளிவாகத் தெரிந்தபோது, போனைத் தயாராகப் பிடித்திருந்த பையன் சத்தம் போட்டே கூப்பிட்டான். அப்படி 4 வால்வுகள் கிடைத்தன.

மீதியை, ஹீட்டர், அதாவது வால்வுக்குள் சூடேறும் இழை, இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து பிரித்தோம். வால்வின் பெயரே பாதி விவரத்தைச் சொல்லும் என்பதைப் பையனுக்கு அப்போதுதான் விளக்கினேன். ‘இ’ என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். ‘எல்’ என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பென்டோடு, அதாவது ஐந்து மின்முனை உள்ள வால்வு. ‘சி’ என்றால் மூன்று மின்முனை உள்ள ட்ரையோடு, ‘சிசி’ என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு. 80-களில் வரும் எண் என்றால் ஒன்பது பின். ஆக இஎல் 84 என்று கேட்டவுடனே பாதி உருவம் மனதில் வந்துவிடும். ஒன்பது பின் வால்வு ஒன்று 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் இழுத்தால் அது இஎல் 84, 0.6 என்றால் இஇசட் 80 ரெக்டிஃபயராக (ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குவது) இருக்கலாம், 0.2 மட்டும் இழுத்து, உள்ளே வலைக்கூண்டு தெரிந்தால் இஎஃப் 86. இசிசி 82-உம் இசிசி 83-உம் ஒரே 0.3 ஆம்பியர் என்பதால் ஹீட்டரை வைத்துப் பிரிக்க முடியாது. அவற்றை டெஸ்டருக்கு ஒதுக்கினோம்.

முடிவில் 25-இல் 21 வால்வுகளுக்கு வகை தெரிந்தது. 4-க்குத் தெரியவில்லை. நோட்டு எண்ணோடு உறுதியாகச் சேர்க்க முடிந்தது, கழுவிய 34-இல் 17-ஐ மட்டும். கழுவியதில் 8 இஎல் 84 இருந்தன. வகை தெரிந்தாலும் எது எந்த எண் என்று எப்படிச் சொல்வது? ஊகித்து எண் போடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். ஊகத்தில் போட்ட எண், எண்ணே இல்லாததைவிடக் கெடுதல். நாளைக்குப் பார்க்கிறவர் அதை உண்மை என்று நம்புவார்.

டெஸ்டர் மேசையில்

ஜாலஹள்ளியில் ஒரு ஓய்வுபெற்ற டெக்னீஷியனிடம் நல்ல நிலையில் ஏ.வி.ஓ. வால்வு டெஸ்டர் இருக்கிறது. அவர் இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கிக் கொடுத்தார்.

மின்சாரம் கொடுக்கும் முன்பே கண்ணால் சிலதைக் கழித்துவிடலாம். வால்வின் தலையில் உள்ளே வெள்ளிக் கண்ணாடி மாதிரி படிந்திருப்பது கெட்டர் என்னும் பேரியப் பூச்சு. காற்று உள்ளே போயிருந்தால் அது பால் வெள்ளையாகிவிடும். 9 வால்வுகள் அப்படி இருந்தன. அவற்றை அப்படியே தனியே வைத்தோம். பிறகு ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தோம். அப்புறம் 40 வருஷம் படுத்திருந்த வால்வுக்கு எடுத்தவுடன் உயர் வோல்ட்டேஜ் கொடுக்காமல், ஹீட்டர் மட்டும் கொடுத்து 15 நிமிஷம் சூடாக விட்டோம்.

26 இஎல் 84-ஐச் சோதித்தோம். வால்வின் திறனைக் காட்டும் அளவு, புது வால்வுக்கு ஒரு வோல்ட்டுக்கு 11.3 மில்லி ஆம்பியர் என்பது புத்தகக் கணக்கு. 17 வால்வுகள் 9-க்கு மேல் காட்டின, 5 வால்வுகள் 7-க்கும் 9-க்கும் இடையில். 4 தேறவில்லை. ஜாலஹள்ளித் தயாரிப்பில் ஒன்றுகூடத் தேறாததில் இல்லை. அதைப் பார்த்து டெக்னீஷியன் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த வால்வுகளை மட்டும் தன் கையாலேயே துணியில் சுற்றி வைத்தார்.

சோதிக்காமல் விட்டதும் உண்டு. இரண்டு 866ஏ மெர்க்குரி ரெக்டிஃபயர்கள்: சாய்த்தால் உள்ளே பாதரசத் துளிகள் ஓடுவது தெரியும். இதை ஆட்டி அசைத்துக் கொண்டுவந்தபின், பாதரசம் ஃபிலமென்ட்டை விட்டு இறங்கும்வரை நெடுநேரம் சூடாக்காமல் வோல்ட்டேஜ் கொடுத்தால் உள்ளே பொறி அடித்துக் கெட்டுவிடும். உடைந்தால் வீட்டுக்குள் பாதரச ஆவி. அப்படி ஆனால் விளக்குமாறு போடக் கூடாது. சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டியான தாளால் துளிகளை ஒன்றுகூட்டி, ஒட்டும் டேப்பால் மிச்சத்தை எடுத்து, மூடி இறுகிய டப்பாவில் வைக்க வேண்டும். இரண்டையும் நிமிர்த்திய நிலையில் மூடிபோட்ட டப்பாவில் வைத்து, மேலே பாதரசம் என்று எழுதினோம். ரேடாரில் பயன்பட்ட வாயு வால்வுகளும் இரண்டு இருந்தன. அந்த வகையில் சிலவற்றில் சீக்கிரம் பற்றிக்கொள்வதற்காகக் கதிரியக்கப் பொருள் கொஞ்சம் வைத்திருப்பார்கள். உடையாதவரை பயமில்லை என்றாலும், பையன் கைக்கு எட்டாத உயரத்துக்கு அவை போயின.

அன்று இரண்டாவது சேதம் நடந்தது. இது முழுக்க என் கையால். சோதனை முடிந்த பிஎக்ஸ் 4 ஒன்றைச் சாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது கண்ணாடியைப் பிடித்துத் திருகினேன். 80 வருஷப் பசை எப்போதோ விட்டுப்போயிருந்தது. கண்ணாடி பேஸுக்குள் கால்வாசி சுற்றியது, ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஃபிலமென்ட்டுக்குப் போகும் வயர் அறுந்துவிட்டது. எந்தப் பழகும் பையனுக்கும் முதல் நாளில் சொல்லும் பாடம்: பேஸைப் பிடி, கண்ணாடியைப் பிடிக்காதே. அண்ணன் எனக்கு அதை எத்தனையோ முறை சொன்னவர். பெரியவர் பின்னின் நுனியில் ஈயத்தை இளக்கி, பேஸைக் கழட்டி, மெல்லிய வயரால் ஒட்டுப்போட்டு மறுபடி பொருத்தினார். வால்வு வேலை செய்கிறது. ஆனால் தொடாத வால்வு என்ற பெயர் போய்விட்டது.

எதை வைத்தோம், எதைக் கொடுத்தோம்

மூன்று மாதம் முடிவதற்குள் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். பிஎக்ஸ் 4 ஜோடி, இரண்டு இஎஃப் 50, டெலிஃபங்கன் இசிசி 83 எல்லாவற்றையும் மட்டும் கேட்டார். மீதி வேண்டாமாம். சொன்ன தொகை காயலான் கடைக்காரர் சொன்னதைவிடப் பல மடங்கு. மகனுக்கு அது பெரிய பணம். அவர் நிலையில் நானும் தடுமாறியிருப்பேன். நான் சொன்னது இதுதான்: அந்த ஏழெட்டு வால்வுகள் போனால் மிச்சத்தைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள், நோட்டும் பழைய தாளாகிவிடும். கொடுப்பதானால் இரட்டையாக, நாலைந்தாக இருப்பதிலிருந்து கொடுக்கலாம். ஒன்றே ஒன்று இருப்பதைத் தொட வேண்டாம்.

அண்ணியும் மகனும் ஒரு வாரம் பேசி முடிவு செய்தார்கள். பிஎக்ஸ் 4 ஜோடியை மட்டும் வியாபாரிக்குக் கொடுத்தார்கள். ஒட்டுப்போட்ட விஷயத்தை மறைக்காமல் சொன்னதால் அவர் பாதிக்கும் கீழே விலையைக் குறைத்தார்; அந்த நஷ்டம் என்னால் வந்தது. தேறிய இஎல் 84-இல் 12-உம், இசிசி 83 சிலவும் ஆம்ப்ளிஃபயர் செய்யும் இரண்டு இளைஞர்களிடம் போயின. ஒவ்வொன்றோடும் அளந்த எண்ணை எழுதிக் கொடுத்தோம். மாடி அறை வாடகைக்குப் போய்விட்டது. சேகரிப்பு இப்போது கீழே ஹாலில் ஒரே ஒரு இரும்பு அலமாரியில் இருக்கிறது. ஜாலஹள்ளி வால்வுகளில் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

நம்பர் 1

நோட்டின் முதல் வரி: “1. இஎம் 80, பச்சைக் கண். அப்பா ரேடியோ. 1966. ராத்திரி பகல் ஓடினது, கண் மங்கல்.”

அண்ணி கேட்டது அது ஒன்றைத்தான். “மத்ததெல்லாம் நீங்க என்ன பண்ணினாலும் சரி தம்பி. மாமா ரேடியோவுல இருந்ததுன்னு அடிக்கடி சொல்வாரே, அந்த முதல் ஒண்ணு எது?”

இஎம் 80 என்பது ஸ்டேஷன் சரியாக விழுந்ததா என்று காட்டும் பச்சை விளக்கு வால்வு. வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் கழுவிய 34-இல் இரண்டு இஎம் 80 இருந்தன. நோட்டில் இன்னொன்று 140-ஆவது எண்: “எஸ்.பி. ரோடு, புதுசு, பெட்டியோடு.” இரண்டுமே பெயர் அழிந்து, அச்சு அசலாக ஒரே மாதிரி.

இந்த வால்வில் பச்சை ஒளி தரும் பூச்சு, எரிந்த மணிநேரத்துக்கு ஏற்ப மங்கிக்கொண்டே போகும். திரும்ப வராது. அதனால்தான் சோதனை நாட்களில் பச்சைக் கண்களை எரிக்காமல் ஒதுக்கி வைத்திருந்தோம். இங்கே அந்த மங்கலே சாட்சி ஆகும் என்று தோன்றியது. அண்ணனின் கடை ரேடியோ ஒன்று இஎம் 80 போட்டு ஓடுவது. பாதுகாப்புக்குச் சீரிஸ் பல்பு வைத்து, வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெதுவாக ஏற்றி, பெங்களூரு ஆகாசவாணியின் 612 கிலோஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்தினேன். முதல் வால்வில் பச்சை விசிறி பகல் வெளிச்சத்திலேயே பளிச்சென்று விரிந்தது. அணைத்துவிட்டு, சூடு ஆறியதும் இரண்டாவதைப் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. பையன் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில், நீர் கலந்த பாசி நிறத்தில், விசிறி ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதுபோல் அசைந்தது.

அண்ணி அருகே வந்து குனிந்து பார்த்தார். “இதுதான்,” என்றார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் எரிக்கவில்லை. அந்த வால்வு இப்போது அலமாரியில் இல்லை; லைசென்ஸ் புத்தகத்தோடு அவரிடம் இருக்கிறது.

மாற்றிச் செய்வதென்றால்

இன்னொரு வீட்டில் இப்படிக் கூப்பிட்டால், கதவைத் திறந்ததும் பெட்டியை மூடியபடி ஒரு படம், திறந்தபின் ஒரு படம், சீட்டு தெரிய ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் வால்வைத் தொடுவேன். கிளம்பும் முன் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, குழந்தைகளையும் சேர்த்து, துடைக்கக் கூடாது என்று காரணத்தோடு சொல்வேன். சுற்றிய தாளை வால்விலிருந்து பிரிக்க மாட்டேன். பேக்லைட் பேஸ் உள்ள எதையும் சாக்கெட்டில் ஏற்றும் முன்பே ஆடுகிறதா என்று விரலால் பார்ப்பேன்.

பசையையும் விட்டாயிற்று. கெட்டி அட்டையைச் சிறிதாக வெட்டி, பென்சிலில் எண் எழுதி, பருத்தி நூலால் வால்வில் கட்டுகிறோம். பேஸ் உள்ளவற்றுக்குப் பின்னைச் சுற்றி, கண்ணாடி வால்வுகளுக்குத் தனித்தனி அட்டைப் பெட்டிக்குள். பென்சில் தண்ணீரில் கரையாது. அண்ணனின் நோட்டில் நாங்கள் எதையும் திருத்தவில்லை, நகலில்தான் எழுதுகிறோம். எண் சேராத 17 வால்வுகள் ஒரே டின்னில் இருக்கின்றன, மேலே ‘கழுவியது’ என்றும் தேதியும் எழுதி. நகலில் அவற்றுக்கு உரியதாக இருக்கக்கூடிய 24 வரிகளுக்கு எதிரே, பென்சிலில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம்.